125 யூனிட்டின் பூர்வீகம்

மருந்துக்கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோடு விழக் காரணமாக இருக்கும் பொருளுக்கு ஹெச்.சி.ஜி. என்று பெயர். கரு கருப்பையில் ஒட்டிய சில நாட்களிலேயே, பின்னாளில் நஞ்சுக்கொடியாகப் போகும் திசு அதைச் சுரக்கத் தொடங்கிவிடும். கருத்தரிப்பு மையத்துக்குப் போய்வந்தவர்களுக்கு இதே பொருள் ‘டிரிகர் ஊசி’ என்ற பெயரில் அறிமுகமாகியிருக்கும். சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறும் நேரத்தைக் குறித்துவைத்துப் போடும் ஊசி அது.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைப்பேற்று ஹார்மோனுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. எழுபது ஆண்டுகளுக்கு முன் அது எடைக் குறைப்பு ஊசியாக வேஷம் கட்டியது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் தினமும் 125 யூனிட் அளந்து போட்டுக்கொண்டார்கள். மருத்துவ உலகம் பலமுறை மறுத்த பிறகும் அந்த வேஷம் கலையவில்லை. கர்ப்பிணியின் சிறுநீரில் பிறந்த ஒரு பொருள் தொப்பையைக் கரைக்கப் புறப்பட்ட கதையில் சுண்டெலிகள், ஒரு டச்சு இறைச்சி வியாபாரி, பம்பாயின் பருமனான சிறுவர்கள், ரோம் நகரத்து மருத்துவமனை, ஒரு தொலைக்காட்சி விற்பனையாளர் என்று பலரும் வருகிறார்கள்.

சிறுநீரைக் கொண்டு கர்ப்பத்தைக் கண்டுபிடிக்கும் ஆசை புதிதல்ல. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தியப் பாப்பிரஸ் சுருள் ஒன்றில் அதற்கு ஒரு வழி எழுதியிருக்கிறது. கோதுமையின் மீதும் பார்லியின் மீதும் பெண் தினமும் சிறுநீர் விடவேண்டும். தானியம் முளைத்தால் கர்ப்பம், முளைக்காவிட்டால் இல்லை. 1963-ல் இதைச் செய்துபார்த்தபோது, கர்ப்பிணிகளின் சிறுநீர் பட்ட தானியம் ஏறக்குறைய 70 சதவீதம் முறை முளைத்தது. எந்தத் தானியம் முளைக்கிறது என்பதை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் பகுதி மட்டும் பொய்த்துப்போனது. அந்தச் சுருள் இப்போது பெர்லினில் இருக்கிறது. நவீனக் கர்ப்பப் பரிசோதனை பிறந்ததும் அதே ஊரில்தான்.

1927-ல் பெர்லினின் ஷாரிடே மருத்துவமனையில் செல்மர் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் ஸோண்டெக் என்ற இரு மருத்துவர்கள், கர்ப்பிணிகளின் சிறுநீரைப் பருவமடையாத பெண் சுண்டெலிகளுக்கு ஊசியில் ஏற்றினார்கள். நான்கைந்து நாட்களில் எலிகளின் சினைப்பை வீங்கி, அதில் ரத்தப் புள்ளிகள் தென்பட்டன. கர்ப்பமில்லாதவர்களின் சிறுநீரில் இப்படி நடக்கவில்லை. உலகெங்கும் பரவிய ஏ-இஸட் சோதனை அங்கே பிறந்தது. இந்த ஹார்மோன் மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வருகிறது என்று இருவரும் நினைத்தார்கள். அது தவறு. 1938-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நஞ்சுக்கொடித் திசுவைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்துப் பார்த்து, சுரப்பது அதுதான் என்று காட்டினார்கள். திசுவை வளர்த்தவர்களில் ஒருவரான ஜார்ஜ் கை, பிற்பாடு புகழ்பெற்ற ஹீலா உயிரணுக்களை வளர்த்தவர். இன்னொருவரான ஜார்ஜியானா சீகர், அமெரிக்காவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1981-ல் பிறக்கக் காரணமான தம்பதியில் ஒருவர்.

எலிகள் கொஞ்ச காலம்தான் ஆண்டன. பிறகு முயல்கள் வந்தன. அதன்பின் தென்னாப்பிரிக்காவின் நகமுள்ள தவளை வந்தது. கேப்டவுனில் இருந்த ஆங்கில விஞ்ஞானி லான்சலாட் ஹாக்பென், அந்தத் தவளைக்கு மாட்டுப் பிட்யூட்டரிச் சாற்றை ஏற்றினால் முட்டையிடுகிறது என்று கண்டிருந்தார். கர்ப்பிணியின் சிறுநீருக்கும் அது முட்டையிட்டது. எலியையும் முயலையும் கொன்று திறந்து பார்க்கவேண்டும். தவளைக்கு அந்த விதி இல்லை, அதே தவளையைத் திரும்பவும் பயன்படுத்தலாம். ஆகவே ஆப்பிரிக்கக் குளத்துத் தவளைகள் கப்பலேறி ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. பொருள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, எவ்வளவு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அன்றைக்கு அதைச் சுத்தமாகப் பிரித்தெடுத்துத் தராசில் வைக்க வழியில்லை. எனவே அது செய்யும் வேலையைக் கொண்டு அளந்தார்கள். ஒரு சுண்டெலியின் சினைப்பையை மாற்றப் போதுமான அளவு ஒரு ‘சுண்டெலி யூனிட்’. இன்சுலினுக்கும் இதே கதைதான். டொராண்டோவில் அதை முதலில் அளந்தது முயலின் ரத்தச் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான். ஆனால் எலிக்கு எலி வேறுபடும், ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடும். ஒரு கம்பெனியின் நூறு யூனிட்டும் இன்னொரு கம்பெனியின் நூறு யூனிட்டும் ஒன்றாக இருக்கவில்லை. முதல் உலகப்போருக்குப் பின் தோன்றிய சர்வதேசச் சங்கம், நாடுகளின் எல்லைச் சண்டைகளைத் தீர்க்க முடியாமல் திணறினாலும், இந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தது. ஆங்கிலேயரான ஹென்றி டேல் போன்றவர்களின் முயற்சியால் பொதுவான மாதிரித் தூள்கள் தயாராயின. 1920-களில் இன்சுலினுக்கு, 1930-களின் இறுதியில் ஹெச்.சி.ஜி.க்கு. அந்த ஹெச்.சி.ஜி. மாதிரித் தூளில் 0.1 மில்லிகிராம் செய்யும் வேலை எதுவோ, அது ஹெச்.சி.ஜி.யின் ஒரு சர்வதேச யூனிட்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. இன்சுலினின் யூனிட்டுக்கும் ஹெச்.சி.ஜி.யின் யூனிட்டுக்கும் பெயரைத் தவிர எந்த உறவும் கிடையாது. ஒன்று முயல் வழி வந்தது, மற்றது எலி வழி வந்தது. இந்தப் பெயர்ப் பொருத்தம் பின்னால் நிறையப் பேரைக் குழப்பப்போகிறது.

சர்வதேச யூனிட் தயாராகும் முன்பே வியாபாரம் தொடங்கிவிட்டது. நெதர்லாந்தின் ஆஸ் என்ற சிற்றூரில் சால் வான் ஸ்வானென்பெர்க் என்பவர் இறைச்சி ஆலை நடத்திக்கொண்டிருந்தார். வெட்டிய பன்றிகளின் கணையம் வீணாகப் போவதைப் பார்த்து, ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் எர்ன்ஸ்ட் லாக்கருடன் கூட்டுச் சேர்ந்து, 1923-ல் இன்சுலின் எடுக்க ஆர்கனான் என்ற கம்பெனியைத் தொடங்கினார். கசாப்புக் கழிவிலிருந்து மருந்து எடுத்துப் பழகிய கம்பெனிக்குச் சிறுநீரிலிருந்து எடுப்பது கூச்சமாக இருக்கவில்லை. 1931-ல் ‘தாய்களுக்காகத் தாய்மார்கள்’ என்ற பொருள்படும் திட்டம் ஒன்று ஆரம்பமானது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இருக்கும் பெண்கள் தங்கள் சிறுநீரைச் சேமித்துக் கொடுத்தார்கள், வண்டிகள் வீட்டு வாசலுக்கே வந்து எடுத்துப்போயின. பிரெக்னில் என்ற பெயரில் ஹெச்.சி.ஜி. தூள் கடைக்கு வந்தது. இதே ஆர்கனானின் அமெரிக்க அலுவலகத்தில் வேலை பார்த்த மார்கரெட் கிரேன் என்ற வடிவமைப்பாளர்தான், 1967-ல் வீட்டிலேயே கர்ப்பம் பார்க்கும் பெட்டியை வடிவமைத்தவர்.

கண்டுபிடித்த இருவருக்கோ பெர்லின் நிலைக்கவில்லை. இருவரும் யூதர்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஸோண்டெக் ஸ்டாக்ஹோம் வழியாக ஜெருசலேம் போனார், ஆஷ்ஹைம் பாரிஸ் போனார். ஹார்மோன் மட்டும் தடையில்லாமல் உலகம் சுற்றியது, இந்தியாவுக்கும் வந்தது.

பம்பாயில் அதைக் கையில் எடுத்தவர் ஆல்பர்ட் சிமியன்ஸ். லண்டனில் பிறந்து ஜெர்மனியில் மருத்துவம் படித்தவர். 1931-ல் இந்தியா வந்து ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் இங்கே இருந்தார். மலேரியா, தொழுநோய் இரண்டிலும் உழைத்தவர். தொழுநோயைப் பற்றி ஒரு நாவலே எழுதியிருக்கிறார். அவரிடம் சில சிறுவர்கள் சிகிச்சைக்கு வந்தார்கள். இடுப்பும் மார்பும் பெண்களைப் போலப் பருத்து, ஆண் உறுப்புகள் வளராமல் நின்றுபோனவர்கள். பருவ வளர்ச்சிக்காக அவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஹெச்.சி.ஜி. கொடுத்தார். பசி குறைந்ததாகவும், எடை இறங்காமலே இடுப்புச் சுற்று இறங்கியதாகவும் அவருக்குத் தோன்றியது. கூடவே உணவையும் குறைத்துப் பார்த்தார், எடை மளமளவென்று இறங்கியது. அங்கிருந்து ஒரே தாவலில் ஒரு கோட்பாட்டுக்கு வந்துசேர்ந்தார்: பருமன் என்பது மூளையின் அடிப்பகுதியில் ஏற்படும் கோளாறு, உடல் பூட்டிவைத்திருக்கும் வேண்டாத கொழுப்பை இந்த ஹார்மோன் திறந்துவிடுகிறது.

இந்தியாவை விட்டு ரோமில் குடியேறிய சிமியன்ஸ், சால்வதோர் முண்டி மருத்துவமனையில் தன் முறையை நடத்தினார். 1954-ல் லான்செட் இதழில் அறிவித்தார், ஒரு சிறு நூலும் எழுதினார். அதில் உள்ள சட்டதிட்டங்களைப் படித்தால் நம் ஊர் நாட்டு வைத்தியரின் பத்தியம் தளர்வானதாகத் தோன்றும். முதல் இரண்டு நாள் கொழுப்புள்ளதாகத் தேடித் தேடி வயிறு முட்டச் சாப்பிடவேண்டும். மூன்றாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு 500 கலோரி மட்டும். பகலில் 100 கிராம், இரவில் 100 கிராம் கொழுப்பில்லா இறைச்சி, அதுவும் சமைக்கும் முன் நிறுத்தது. வேளைக்கு ஒரு காய், ஒரு பழம், இத்தாலியக் குச்சி ரொட்டி ஒன்றே ஒன்று. 24 மணி நேரத்துக்கு ஒரு மேசைக்கரண்டி பால். எண்ணெய் கூடாது. முகத்துக்குக் கிரீம் தடவுவதும் கூடாது, தோல் வழியே கொழுப்பு உள்ளே போய்விடுமாம். இவற்றோடு தினம் 125 யூனிட் ஊசி. குறைந்தது 23 ஊசி, அதிகம் போனால் 40. கடைசி ஊசிக்குப் பின்னும் மூன்று நாள் பத்தியம் தொடரும்.

சினிமாக்காரர்களும் சீமாட்டிகளும் உலாவிய அன்றைய ரோமுக்கு இது பொருத்தமான சரக்கு. அதே ரோமில், அதே 1950-களில், சிறுநீரை வைத்து இன்னொரு வேலையும் நடந்தது. செரோனோ என்ற கம்பெனியின் பியரோ டோனினி, மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து வேறொரு ஹார்மோனை எடுத்திருந்தார். அதற்கு ஏராளமான சிறுநீர் தேவைப்பட்டது, மறதியாகக்கூட ஒரு கர்ப்பிணியின் சிறுநீர் கலந்துவிடக்கூடாது. வாட்டிகன் தொடர்பின் மூலம் விடை கிடைத்தது: முதிய கன்னியாஸ்திரிகளின் மடங்கள். அந்த மருந்தால் முதல் குழந்தை 1962-ல் இஸ்ரேலில் பிறந்தது. ஒரே ஊரில், ஒரே மூலப்பொருளில் இரண்டு பயணங்கள். டோனினியின் மருந்து கருத்தரிப்புச் சிகிச்சையின் அடித்தளமானது. சிமியன்ஸின் ஊசி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது.

125 என்ற எண்ணின் மகிமையை இங்கே சொல்லவேண்டும். ஹெச்.சி.ஜி. உலர்ந்த தூளாகச் சிறு குப்பியில் வரும். தூளாக இருக்கும்வரை கெடாது. நீரில் கரைத்துவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, குறித்த நாட்களுக்குள் தீர்த்துவிடவேண்டும். 5,000 யூனிட் குப்பியை 125-ஆல் வகுத்தால் சரியாக நாற்பது. குப்பியில் 10 மில்லி நீர் விட்டால் ஒவ்வொரு மில்லியிலும் 500 யூனிட், ஒரு வேளைக்குக் கால் மில்லி. இந்தத் துல்லியம் பார்ப்பவரை மயக்கிவிடும். புள்ளி வைத்து அளக்கும் ஒன்று பொய்யாக இருக்குமா என்று தோன்றும். ஆனால் துல்லியமாக அளந்தது ஹார்மோனைத்தானே தவிர, அது கொழுப்பைக் கரைக்கிறதா என்பதை அல்ல.

அதை அளக்க வேறு கருவி வேண்டும். பாதிப் பேருக்கு ஹெச்.சி.ஜி., மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர், யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஊசி போடுபவருக்கும் தெரியாது. பத்தியம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. 1973-ல் வந்த ஓர் ஆய்வு ஹார்மோனுக்குச் சாதகமாகப் பேசியது. 1976-ல் அதே முறையைத் திரும்பச் செய்த ஆய்வில் இரு பக்கமும் ஒரே அளவுதான் எடை இறங்கியது. அதே ஆண்டு இருநூறு பேருக்கு மேல் வைத்துச் செய்த இன்னொரு ஆய்வும் அதையே சொன்னது. உப்புநீர் போட்டுக்கொண்டவர்களும் இளைத்தார்கள், பசியும் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. பத்தியம் வேலை செய்தது, பெயர் மருந்துக்குப் போனது.

ஒரு நாளைக்கு 500 கலோரி சாப்பிட்டால் யாருக்குத்தான் எடை குறையாது? அதற்கு விலையும் உண்டு. பித்தப்பைக் கற்கள், ரத்தத்தில் உப்புச் சத்துகளின் சமநிலைக் குலைவு, இதயத் துடிப்புக் கோளாறு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பட்டியலே தருகிறது. அப்படியானால் ஊசி எதற்கு? பட்டினியைத் தாங்க. தினமும் ஒருவர் எடை பார்த்து, நாலு வார்த்தை பேசி, ஒரு ஊசி குத்தி அனுப்பும்போது, பட்டினி சிகிச்சையாகிவிடுகிறது.

கலிபோர்னியாவில் இந்த ஊசிக்கென்றே கிளினிக்குகள் வரிசையாக முளைத்தன. அவற்றை நடத்திய கம்பெனி ஒன்று தன் பெயரையே சிமியன் என்று வைத்துக்கொண்டது. அதன் விளம்பரங்கள் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 1976-ல் உத்தரவு போட்டது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இன்னும் ஒரு படி மேலே போய், ஹெச்.சி.ஜி.யின் லேபிளிலேயே ஒரு வாசகத்தைச் சேர்க்கவைத்தது: எடைக் குறைப்புக்கு இது பயன்படும் என்று நிரூபிக்கப்படவில்லை, உணவைக் குறைப்பதால் கிடைப்பதைவிட அதிகப் பலன் தருவதற்கோ பசியைத் தணிப்பதற்கோ ஆதாரமில்லை. தான் செய்யாத வேலையைத் தன் பெட்டியிலேயே ஒப்புக்கொண்டு விற்பனையாகும் மருந்துகள் உலகில் அதிகம் இருக்காது.

அதே எழுபதுகளில் டெல்லியில் ஜி.பி. தல்வார், இந்த ஹார்மோனை எதிர்த்து உடலே போராடும்படி செய்யும் கருத்தடைத் தடுப்பூசியை உருவாக்க முயன்றுகொண்டிருந்தார். கருவைத் தாங்கிப் பிடிக்கும் பொருளை முடக்கினால் கர்ப்பம் நிற்காது என்பது கணக்கு. ஒரே ஹார்மோனைக் கருவுண்டாக்கவும், கருவைத் தடுக்கவும், கண்டறியவும் தகுந்த காரணத்தோடு கையாண்டார்கள். காரணமில்லாமல் கையாண்ட இடம் இடுப்புச் சுற்றளவுதான்.

1995-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், அதுவரை வந்த 24 ஆய்வுகளை அடுக்கிவைத்துப் பார்த்து, பருமனுக்கு ஹெச்.சி.ஜி. பயன்படும் என்பதற்கு அறிவியல் ஆதாரமில்லை என்று முடித்தார்கள். எந்த நாட்டில் வண்டி வைத்துச் சிறுநீர் சேர்த்தார்களோ, அந்த நாட்டிலிருந்தே தீர்ப்பும் வந்தது. கதை அத்தோடு முடிந்திருக்கவேண்டும்.

முடியவிடாமல் செய்தவர் கெவின் ட்ரூடோ. மருத்துவம் படிக்காத, நள்ளிரவுத் தொலைக்காட்சி விளம்பரங்களில் பேசிப் பேசியே விற்கத் தெரிந்த அமெரிக்கர். 2007-ல் எடைக் குறைப்பின் ரகசியத்தை ‘அவர்கள்’ மறைக்கிறார்கள் என்ற பாணியில் ஒரு புத்தகம் போட்டார். உள்ளே இருந்தது சிமியன்ஸின் பழைய முறை. புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. முறை எளிது என்று விளம்பரத்தில் பொய் சொன்னதற்காக 3 கோடியே 76 லட்சம் டாலர் கட்டச் சொன்னது நீதிமன்றம். 2014-ல் நீதிமன்ற அவமதிப்புக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் இணையத்தில் சரக்கு ஓடத் தொடங்கிவிட்டது. பொடிக் குப்பி ஒரு கடையில், கரைக்கும் நீர் இன்னொரு கடையில், இன்சுலின் சிரிஞ்சு மூன்றாவது கடையில். கலக்குவதும் அளப்பதும் சமையலறை மேசையில்.

நகல் எடுப்பவர்கள் அதற்கும் மலிவான வழி கண்டார்கள். ஊசிக்குப் பதில் நாக்கின் கீழ் விடும் சொட்டு, ஹோமியோபதி என்ற முத்திரையோடு. ஹெச்.சி.ஜி. ஒரு பெரிய புரத மூலக்கூறு, வயிற்றுக்குள் போனால் முட்டை வெள்ளைக் கருவைப் போலச் செரித்துப்போகும். சொட்டுக் கம்பெனிகள் ஏழுக்கு 2011 டிசம்பரில் அமெரிக்க அரசு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2020 மார்ச்சில் ஹெச்.சி.ஜி.யை உயிரிமருந்துப் பட்டியலுக்கு மாற்றியதும், அங்கே மருந்துக்கடைகள் தாமே கலந்து தயாரித்துக் கொடுக்கும் வழியும் அடைபட்டது.

இப்போது அந்த இடத்துக்கு, வேறு ஹார்மோனைப் போலச் செயல்படும் மருந்துகள் வந்துவிட்டன. செமாக்ளுடைட், டிர்செபடைட் என்ற பெயர்களை இன்று நம் ஊரிலும் கேட்காதவர் குறைவு. வித்தியாசத்தைச் சொல்லிவிடவேண்டும், இவை உண்மையாகவே வேலை செய்கின்றன. 2021-ல் வெளியான செமாக்ளுடைட் ஆய்வில், 68 வாரத்தில் மருந்து எடுத்தவர்களின் எடை சராசரியாக 15 சதவீதம் இறங்கியது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். சிமியன்ஸுக்குக் கிடைக்காத சான்று இது.

ஆனால் அளவையின் பழைய குழப்பம் திரும்பி வந்துவிட்டது. அமெரிக்காவில் தட்டுப்பாடு வந்தபோது, மருந்துக்கடைகள் தாமே கலந்த செமாக்ளுடைட்டைக் குப்பியில் விற்றன. மருத்துவர் மில்லிகிராமில் சொல்ல, குப்பியில் ஒரு மில்லிக்கு இவ்வளவு என்று போட்டிருக்க, சிரிஞ்சில் யூனிட் கோடுகள் இருந்தன. சொன்ன அளவைப்போல் ஐந்து முதல் இருபது மடங்கு வரை ஏற்றிக்கொண்டு, வாந்தியோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு என்று 2024 ஜூலையில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. இன்சுலின் சிரிஞ்சின் கோடுகள் இன்சுலினுக்கு மட்டுமே அளவு காட்டும். வேறு எந்த மருந்தை அதில் எடுத்தாலும் அவை வெறும் கன அளவுதான். நம் நாட்டில் அந்தச் சிரிஞ்சே இரண்டு வகை: ஒரு மில்லிக்கு 40 கோடு போட்ட சிவப்பு மூடி, 100 கோடு போட்ட ஆரஞ்சு மூடி. முன்னே பார்த்த அதே கால் மில்லி, சிவப்பு மூடியில் பத்தாவது கோடு, ஆரஞ்சு மூடியில் இருபத்தைந்தாவது கோடு. 2025 மார்ச்சில் டிர்செபடைட் இந்தியாவுக்கு முதலில் வந்ததும் குப்பியில்தான்.

எடை குறைக்க ஊசி போட்டுக்கொள்ளும்படி யாராவது சொன்னால் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வெற்று ஊசியோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வில் இந்த மருந்து எவ்வளவு அதிகமாக எடையைக் குறைத்தது? எனக்கு எத்தனை மில்லிகிராம், அது எத்தனை மில்லி, எந்தச் சிரிஞ்சில் எந்தக் கோடு? முதல் கேள்விக்கு ஹெச்.சி.ஜி.யிடம் எழுபது ஆண்டுகளாகப் பதில் இல்லை. இரண்டாவது கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைக்கும்வரை எந்தக் குப்பியையும் வீட்டில் திறக்காதீர்கள்.